டிரம்பெட்டும் பியானோவும்: ஹிண்டமித்தா, மார்ட்டினூவா, லிகெட்டியா?

“இடைவேளைக்கு முன்னால் கனமாக ஒரு உருப்படி வேண்டும். ஹிண்டமித் வைக்கட்டுமா, மார்ட்டினூ வைக்கட்டுமா?” டிரம்பெட் வாசிக்கும் வாசகர்கள் மூன்று நான்கு பேர் கொஞ்ச நாள் இடைவெளியில் இதையே கேட்டுவிட்டார்கள். அதில் ஒருவர் தன் நிகழ்ச்சி முழுவதையும் இரண்டாம் உலகப் போரால் நாட்டை விட்டு, போருக்குப் பின்னும் ஊர் திரும்ப முடியாமல் போன இசையமைப்பாளர்களைச் சுற்றி அமைக்கப் போகிறாராம். லிகெட்டியையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தார்.

நான் டிரம்பெட் வாசிப்பவன் அல்ல, பியானோப் பக்கம் உட்காருபவன். அதனால் என் பதில் கொஞ்சம் ஓரவஞ்சனையாக இருக்கும். இந்த மூன்று இசையமைப்பாளர்களின் படைப்புகளில் எதை எடுப்பது என்பதை டிரம்பெட்காரர் தீர்மானிப்பதாக நினைத்துக்கொள்கிறார். பெரும்பாலும் அதைத் தீர்மானிப்பவர் அவருக்குக் கிடைத்திருக்கும் பியானோக்காரர்தான்.

## எதையெல்லாம் வைத்து எடை போடுவது

முதல் கேள்வி அதுவே: யார் பியானோ வாசிக்கப் போகிறார், அவர் எத்தனை ஒத்திகைக்கு வருவார்? கர்நாடகக் கச்சேரியில் பழகிய காது, பியானோவைப் பக்கவாத்தியம் என்று எடுத்துக்கொள்ளும். மேலே டிரம்பெட், கீழே துணைக்குப் பியானோ என்று. ஹைடனின் டிரம்பெட் கான்செர்ட்டோவை இசைக்குழு இல்லாமல் பியானோவோடு வாசிக்கும்போது அது ஓரளவு சரி. பியானோக்காரர் ஒரு ஸ்வரத்தை விழுங்கினாலும் வண்டி ஓடிவிடும். ‘டிரம்பெட்டுக்கும் பியானோவுக்கும்’ என்று அட்டையிலேயே போட்டிருக்கும் சொனாட்டாவில் (பல பகுதிகள் கொண்ட வாத்திய இசைப் படைப்பு) அந்தச் சலுகை கிடையாது. அங்கே இருவரும் முதல் வாத்தியம்.

இரண்டாவது, உதடு. டிரம்பெட்டில் விரல் சோர்வதில்லை, உதட்டுத் தசைதான் சோரும். உச்ச ஸ்வரம் எது என்று பார்த்துக் கடினத்தை அளப்பது ஆரம்பநிலைக்காரர் பழக்கம். எத்தனை நிமிடம், நடுவே வாத்தியத்தை இறக்கி உதட்டுக்கு இரத்தம் ஓடவிட எத்தனை தாள அளவுகள் கிடைக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பவர்தான் மேடை கண்டவர்.

மூன்றாவது, அரங்கில் இருக்கும் பியானோ. கிராண்டா, அப்ரைட்டா, டிஜிட்டலா? குளிர்சாதனம் உண்டா? சூடான அறையில் டிரம்பெட்டின் சுருதி ஏறும். டிஜிட்டல் பியானோ 440 ஹெர்ட்ஸ் சுருதியிலேயே கல்லாட்டம் நிற்கும். சுருதிக் குழாயை எவ்வளவு வெளியே இழுத்து வைப்பது என்பதை வீட்டில் அல்ல, அந்த அறையில்தான் முடிவுசெய்ய முடியும்.

பிறகு எந்த டிரம்பெட் கையில் இருக்கிறது, தாள்களுக்கு எவ்வளவு செலவு, அவையோருக்கு என்ன கதை சொல்லப் போகிறீர்கள் என்பதெல்லாம் வரும். கதையைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றே. வாழ்க்கை வரலாறு உருக்கமாக இருக்கிறது என்பதற்காக ஒரு படைப்பை எடுத்து, மேடையில் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## ஹிண்டமித்: சொனாட்டா, 1939

ஜெர்மனியின் ஹனாவ் நகரில் 1895-ல் பிறந்தவர் பால் ஹிண்டமித். நாஜி ஆட்சிக்கு அவர் இசை பிடிக்கவில்லை. அவர் மனைவி கெர்ட்ரூடின் யூத வேரும் பிடிக்கவில்லை. 1934 நவம்பரில் இசைக்குழு நடத்துநர் ஃபுர்ட்வெங்லர் பத்திரிகையில் வெளிப்படையாக அவருக்காக வாதாடினார். பலன் இல்லை, ஃபுர்ட்வெங்லரே பதவிகளை விட வேண்டி வந்தது. 1936-ல் ஹிண்டமித்தின் படைப்புகளை மேடையேற்றத் தடை. 1938-ல் டுஸெல்டார்ஃபில் நடந்த ‘சீரழிந்த இசை’ கண்காட்சியில் அவர் பெயரும் குற்றவாளிப் பட்டியலில். அதே ஆண்டு தம்பதியர் சுவிட்சர்லாந்து போய், வலே மலைப்பகுதியில் புளூஷ் என்ற சிற்றூரில் குடியேறினார்கள். போர் வெடித்து இரண்டே மாதம் கழித்து, 1939 நவம்பரில், அங்கே எழுதி முடித்ததுதான் இந்தச் சொனாட்டா. 1940 தொடக்கத்தில் அமெரிக்கா. யேல் பல்கலைக்கழகத்தில் 1953 வரை பேராசிரியர், 1946-ல் அமெரிக்கக் குடியுரிமை.

ஆக, கறாராகப் பார்த்தால் இது போருக்குப் பிந்தைய படைப்பு அல்ல. போர் தொடங்கிய மாதங்களின் படைப்பு. நிகழ்ச்சித் தாளில் ‘போருக்குப் பின்’ என்று தலைப்புப் போட்டால் விவரம் தெரிந்த ஒருவர் இடைவேளையில் வந்து சொல்லத்தான் செய்வார்.

மூன்று பகுதிகள். முதலாவதன் மேல் ‘வலிமையோடு’ என்று எழுதியிருக்கும். அகலமான, நிமிர்ந்த தீம் ஒன்றை டிரம்பெட் எடுக்க, அடியில் பியானோ அதைத் தாங்காமல் எதிர்த்து நடக்கும். நடுப்பகுதி மிதமான நடை, கொஞ்சம் விளையாட்டும் உண்டு. மூன்றாவதுதான் இந்தப் படைப்பின் உயிர். அதன் பெயரே ‘இரங்கல் இசை’. மிக மெதுவான சாவு நடை. அது முடிந்ததும், ‘எல்லா மனிதரும் இறந்தாக வேண்டும்’ என்ற 17-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் ஞானப்பாட்டின் மெட்டை டிரம்பெட் அமைதியாக எடுத்து வாசிக்கிறது. ஜெர்மன் இசைமேதை பாக்கும் இதே பாட்டை வைத்து ஆர்கனுக்கு ஒரு சிறு முன்னிசை எழுதியிருக்கிறார்.

தமிழ் லுத்தரன் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் வேறு மாதிரிக் கேட்கும். தரங்கம்பாடி மிஷன் நாட்களிலிருந்தே ஜெர்மன் மெட்டுகள் நம் ஆலயங்களுக்குள் வந்துவிட்டன. ஜெர்மன் மிஷனரி ஃபப்ரிசியஸ் 18-ஆம் நூற்றாண்டிலேயே அத்தகைய பாட்டுகளைத் தமிழில் ஆக்கினார். கோரல் (சபை சேர்ந்து பாடும் ஞானப்பாட்டு) என்றால் என்ன, ஒவ்வொரு வரியின் முடிவிலும் சபை எப்படி ஒரு மூச்சு விட்டு நிற்கும் என்பதெல்லாம் அப்படி வளர்ந்த ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பயிற்சிப் புத்தகத்தில் எண்ணி எண்ணி வாசிப்பவரைவிட அவருக்கு அந்தக் கடைசிப் பக்கம் எளிதில் பிடிபடும்.

கடினம் எங்கே என்றால், மேலே அல்ல, நீளத்தில். மொத்தம் ஏறக்குறைய 16, 17 நிமிடம். டிரம்பெட் பங்கு பயமுறுத்தும் உயரத்துக்கு ஏறுவதில்லை. ஆனால் முதல் பகுதியின் உரத்த, நீண்ட தொடர்களில் உதட்டைச் செலவழித்துவிட்டால், கடைசியில் மெல்லிய கோரலுக்குக் கையிருப்பு இருக்காது. எனக்கு இது பட்டுத் தெரிந்தது. ஒரு நிகழ்ச்சியில் ஹைடன் முதலில், நடுவில் இரண்டு சில்லறை உருப்படிகள், ஹிண்டமித் கடைசி என்று வரிசை போட்டிருந்தோம். போட்டது நான்தான். சாவு நடைக்கு நடுவிலேயே நண்பரின் உதடு போய்விட்டது. கோரலின் முதல் வரியில் காற்று மட்டும் வந்தது, ஒலி வரவில்லை. நான் பியானோவில் தனியாக நடந்துகொண்டிருந்தேன். அவையோர் அதை உருக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது எங்கள் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து ஹிண்டமித் என்றால் முதல் உருப்படி, அல்லது இடைவேளை முடிந்ததும் வரும் உருப்படி.

பியானோ பங்கு இன்னொரு கதை. ஹிண்டமித் 1930-களின் நடுவிலிருந்து 1955 வரை இசைக்குழுவில் உள்ள ஏறக்குறைய எல்லா வாத்தியங்களுக்கும் பியானோவோடு சொனாட்டா எழுதினார். ட்யூபாவுக்குக்கூட உண்டு. அவற்றில் பியானோவுக்கு ஓய்வே தரமாட்டார். கை நிறையக் கொத்து ஸ்வரங்கள், எதிர்பாராத இடத்தில் திரும்பும் இசைவுகள், இடது கையில் ஒரே ஸ்வரம் இரு ஸ்தாயியில் சேர்ந்து ஒலிக்கும் தடித்த ஆக்டேவ்கள். பித்தளை வாத்தியச் சொனாட்டாக்கள் முழுவதையும் க்ளென் கூல்ட் ஃபிலடெல்ஃபியா இசைக்குழுக் கலைஞர்களோடு 1970-களில் பதிவுசெய்தார். பாக்குக்குப் பேர்போன ஒரு பியானோ மேதை இவற்றைத் தேடிப் போய் வாசித்தார் என்பதே, இது துணை வேலை அல்ல என்பதற்குச் சாட்சி. அந்தப் பதிவில் டிரம்பெட் கில்பர்ட் ஜான்சன். ஒருமுறை பியானோவை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.

மறைந்த செலவு இங்கேதான். நல்ல பியானோக்காரருக்கே இதைக் கையில் ஏற்றச் சில வாரம் பிடிக்கும். என் கணக்கில் ஐந்தாறு ஒத்திகைக்குக் குறைந்தால் மேடைக்குப் போகக் கூடாது. மணிக்கணக்கில் பணம் கொடுப்பவராக இருந்தால், ஒரு டிரம்பெட் மியூட் (ஒலி அடக்கி) வாங்கும் காசு ஒத்திகையிலேயே கரைந்துவிடும். டிஜிட்டல் பியானோவில் இந்தப் படைப்பு பாதி உயிர் இழக்கிறது. கீழ் ஸ்தாயியின் கனம் இல்லாவிட்டால், டிரம்பெட் எதை எதிர்த்து நிமிர்கிறது என்பதே புரியாது.

ஒரு சின்னக் கண்ணி: அட்டையில் ‘டிரம்பெட் இன் பி’ என்றிருக்கும். ஜெர்மானியர் ‘பி’ என்று எழுதினால் அது பி பிளாட். நாம் பி என்பதை அவர்கள் ‘ஹெச்’ என்பார்கள். நம் பேண்டுகளில் புழங்கும் சாதாரண பி பிளாட் டிரம்பெட்டே போதும், வேறெதுவும் வாங்க வேண்டாம்.

## மார்ட்டினூ: சொனாட்டினா, 1956

பொஹுஸ்லாவ் மார்ட்டினூ பிறந்தது தேவாலயக் கோபுரத்தில். அலங்காரமாகச் சொல்லவில்லை. பொஹேமியாவின் (இன்றைய செக் நாடு) பொலிச்கா நகரில், புனித யாக்கோபு ஆலயக் கோபுரத்தின் உச்சியில், தீ காவல்காரராக இருந்த செருப்புத் தொழிலாளியின் மகனாக 1890 டிசம்பரில் பிறந்தார். பத்துப் பன்னிரண்டு வயது வரை உலகத்தை மேலிருந்துதான் பார்த்தார். 1923-ல் பாரீஸ். 1940 ஜூனில் ஜெர்மன் படை நெருங்கியபோது மனைவியோடு ஓட்டம். தெற்கு பிரான்ஸில் மாதக்கணக்கில் விசாவுக்காகக் காத்திருந்து, லிஸ்பன் வழியாக 1941 மார்ச் கடைசியில் நியூயார்க் சேர்ந்தார்.

போர் முடிந்ததும் பிராக் இசைக்கல்லூரியில் வேலைக்கு அழைப்பு வந்தது. 1946 கோடையில் அமெரிக்காவில் கற்பித்துக்கொண்டிருந்த இடத்தில் மாடி முகப்பிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடி. தேறி எழுவதற்குள் காலம் ஓடிவிட்டது. 1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனது, திரும்பும் வழி அடைந்தது. 1952-ல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினார். ஆனால் அங்கும் ஒட்டவில்லை. நீஸ், மறுபடி நியூயார்க், ரோம், கடைசியில் சுவிட்சர்லாந்து. 1959 ஆகஸ்ட்டில் அங்கே லீஸ்டாலில் இறந்தார். 1938 கோடைக்குப் பிறகு சொந்த ஊரை அவர் பார்க்கவே இல்லை. இறந்து இருபது ஆண்டு கழித்து, 1979-ல், அவர் உடல் பொலிச்காவுக்கு வந்து சேர்ந்தது.

போருக்குப் பிந்தைய, ஊர் திரும்ப முடியாத இசையமைப்பாளர் என்ற விவரத்துக்கு அட்சரம் பிசகாமல் பொருந்துவது இவர்தான். அப்படியானால் டிரம்பெட் சொனாட்டினா (சிறிய சொனாட்டா) சோகமாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம். 1956 தொடக்கத்தில் நியூயார்க்கில் எழுதினார், கிளாரினெட் சொனாட்டினாவையும் அதே சமயத்தில். இரண்டும் வெளிச்சமான இசை. டிரம்பெட்டுக்கான இது நடை மாறி மாறி ஒரே தொடராக ஓடுகிறது, ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். துள்ளும் தாளம், தட்டு விழ வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் விழும் அழுத்தம், நடுவே திடீரென்று அகலும் ஒரு நிதானம். ஊர் ஏக்கம் இருக்கிறது. ஆனால் அது மெட்டின் வளைவில் ஒளிந்திருக்கிறது, கண்ணைக் கசக்கவில்லை. ஊரைப் பிரிந்த மனிதர் ஊரின் நடனத்தை நினைத்து எழுதினால் எப்படி இருக்கும், அப்படி.

எனக்கு இதில் பிடித்ததே அந்த அடக்கம். ஹிண்டமித் உங்களை உட்காரவைத்துச் செய்தி சொல்கிறார். மார்ட்டினூ நடந்துகொண்டே பேசுகிறார். சில அவைகளுக்கு இரண்டாவதுதான் எடுபடும்.

உதட்டுக் கணக்கில் இது கருணை மிக்கது. நீளம் ஹிண்டமித்தில் பாதி. பியானோ மட்டும் பேசும் இடங்களும் உண்டு, அங்கே வாத்தியத்தை இறக்கிக்கொள்ளலாம். அதற்காக எளிது என்று நினைக்க வேண்டாம். இங்கே சிக்கல் தாளம். இருவரும் தனித்தனியே சரியாக வாசித்து, சேர்ந்து வாசிக்கும்போது அரைத் தட்டு விலகி நிற்பது மார்ட்டினூவில் வழக்கமான விபத்து. கையால் தாளம் போட்டபடி இருவரும் தங்கள் பங்கை வாயால் சொல்லிப் பார்ப்பதுதான் நான் கண்ட மருந்து. ஜதி சொல்லிப் பழகியவர்கள் இதில் ஒத்திகை நேரத்தைப் பாதியாக்கிவிடுவார்கள். பியானோ பங்குக்கு விரல் சுறுசுறுப்பு வேண்டும், ஆனால் ஹிண்டமித்தின் பளுவேலை இல்லை. நடுத்தரமான பியானோக்காரர் மூன்று ஒத்திகையில் மேடைக்குத் தயாராகலாம். டிஜிட்டல் பியானோவிலும் மானம் போகாது.

இதிலும் மறைந்த செலவு ஒன்று உண்டு, அது வாத்தியம். இந்த இசை சி டிரம்பெட்டுக்கு எழுதப்பட்டது. வெளியிட்டது பாரீஸின் லெதுக் பதிப்பகம், பிரெஞ்சு உலகில் சி டிரம்பெட்தான் வழக்கம். அது பி பிளாட்டைவிட ஒரு முழு ஸ்வரம் உயர்ந்த, குழாய் குட்டையான வாத்தியம். ஒலியும் கொஞ்சம் கூர்மை. பி பிளாட்டில் ஒரு ஸ்வரம் ஏற்றி வாசிக்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் விரலமைப்பு மாறி, சில துரித இடங்கள் வழுக்கும். இந்த ஒரு உருப்படிக்காகச் சி டிரம்பெட் வாங்குவது வீண். இசைக்குழுத் தேர்வுகளுக்கும் தயாராகிறவர் என்றால் எப்படியும் ஒரு நாள் வாங்கப் போகிறீர்கள், அப்போது முதலில் பழக நல்ல உருப்படி இது. இரவல் வாங்குகிறவர்கள் கச்சேரிக்கு முந்தின நாள் வாங்காதீர்கள். ஒவ்வொரு சி டிரம்பெட்டும் ஒவ்வொரு இடத்தில் சுருதி விலகும், அதைக் காது கண்டுபிடிக்க ஒரு மாதமாவது வேண்டும்.

## லிகெட்டி: ‘மிஸ்டரீஸ் ஆஃப் த மகாப்ர’

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். வாசிக்கலாமா என்று கேட்கிற நிலையில் இருப்பவர், இப்போதைக்கு வாசிக்க வேண்டாம்.

கியோர்கி லிகெட்டி 1923-ல் டிரான்ஸில்வேனியாவில் ஹங்கேரிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1944-ல் அவரைக் கட்டாய உழைப்புப் படையில் சேர்த்தார்கள். தந்தையும் தம்பியும் நாஜி முகாம்களில் இறந்தார்கள், தாய் ஆஷ்விட்ஸிலிருந்து பிழைத்து வந்தார். போருக்குப் பின் புடாபெஸ்ட். 1956-ல் ஹங்கேரிய எழுச்சியைச் சோவியத் டாங்கிகள் நசுக்கியபின், அந்த டிசம்பரில் முன்னாள் மனைவி வேராவோடு எல்லை கடந்து வியன்னா போனார். மார்ட்டினூ நியூயார்க்கில் சொனாட்டினா எழுதிய அதே ஆண்டின் கடைசி மாதம்.

இந்தப் படைப்பு டிரம்பெட்டுக்காகப் பிறந்ததே அல்ல. 1978-ல் ஸ்டாக்ஹோமில் அரங்கேறிய அவருடைய ஓபராவில் (இசைநாடகம்) ரகசியப் போலீஸ் தலைவர் ஒருவர் வருகிறார். உச்ச ஸ்தாயிப் பெண் குரல் பாடும் வேடம். பேரழிவு வருகிறது என்று எச்சரிக்க வந்தவருக்குப் பதற்றத்தில் வாய் குழறி, சங்கேதச் சொற்களாகவே கொட்டும். அந்தப் பாட்டுகளைத் தொகுத்து மேடை உருப்படியாக்கியவர் எல்கர் ஹோவர்த். ஓபராவின் அரங்கேற்றத்தில் இசைக்குழுவை நடத்தியவர், தானே டிரம்பெட் கலைஞர். குரல் பாட வேண்டியதை டிரம்பெட் வாசிக்கலாம் என்றானது அப்படித்தான். பியானோவோடு வாசிக்கும் வடிவமும் உண்டு. ஏறக்குறைய ஒன்பது நிமிடம்.

ரகசியப் போலீஸ் ஆட்சியில் வாழ்ந்து தப்பியவர் அந்தப் போலீஸ் தலைவரையே கோமாளியாக்கிப் பழிவாங்கியிருக்கிறார். உங்கள் நிகழ்ச்சியின் கருவுக்கு இதைவிடக் கூர்மையான உருப்படி கிடையாது. ஆனால் குரல் தாவும் தூரமெல்லாம் உதடு தாவ வேண்டும். பியானோக்காரர் நவீன இசையில் ஊறியவராக இருக்க வேண்டும், இருவருக்கும் நடிப்பும் வர வேண்டும். பாதி வேகத்தில் வாசித்தால் இதில் நகைச்சுவை செத்துப்போகும். நிதானமாக வாசித்த ஹிண்டமித்துக்கு ஒரு கௌரவம் உண்டு, நிதானமாக வாசித்த லிகெட்டிக்கு எதுவுமில்லை.

இது உங்களுக்கு ஏற்றதாகும் நிலை ஒன்றே: நீங்களும் பியானோக்காரரும் ஏற்கெனவே சேர்ந்து பல நிகழ்ச்சி செய்தவர்கள், ஆறு மாதம் கையில் இருக்கிறது, அவை சிரிக்கத் தெரிந்த அவை.

## ஒரே பார்வையில்

| | ஹிண்டமித் | மார்ட்டினூ | லிகெட்டி |
|---|---|---|---|
| எழுதிய காலம் | 1939 | 1956 | ஓபரா 1970-கள், தொகுப்பு பின்னர் |
| நேரம் | 16–17 நிமிடம் | 7–8 நிமிடம் | சுமார் 9 நிமிடம் |
| டிரம்பெட் | பி பிளாட் | சி | சி |
| உதட்டுச் சோர்வு | மிக அதிகம் | மிதம் | அதிகம், தாவல்களால் |
| பியானோ பங்கு | பளுவானது | சுறுசுறுப்பானது | சிறப்புத் தேர்ச்சி வேண்டும் |
| ஒத்திகை (என் மதிப்பீடு) | 5–6 | 3 | எண்ணிப் பயனில்லை |
| டிஜிட்டல் பியானோவில் | வேண்டாம் | பரவாயில்லை | வேண்டாம் |
| இந்தியாவில் பதிப்புரிமை | முடிந்தது | முடிந்தது | உண்டு |

## தாளும் பதிப்புரிமையும்

அட்டவணையின் கடைசி வரியைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. இந்தியச் சட்டத்தில் படைப்பாளி இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை. மார்ட்டினூ 1959, எனவே 2020 தொடக்கத்திலிருந்து இங்கே பொதுச்சொத்து. ஹிண்டமித் 1963, எனவே 2024 தொடக்கத்திலிருந்து. லிகெட்டி 2006-ல் இறந்ததால் 2066 முடியும் வரை உரிமை உண்டு.

ஆனால் வாசகர்கள் எல்லோரும் இந்தியாவில் இல்லை. இலங்கை, சிங்கப்பூர், பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் ஆகிய இடங்களில் 70 ஆண்டு. அங்கே மார்ட்டினூவுக்கு 2029 முடிய வேண்டும், ஹிண்டமித்துக்கு 2033. மலேசியாவில் 50 ஆண்டுதான், இருவருமே எப்போதோ விடுபட்டவர்கள். கனடாவும் 50-ல் இருந்தது. 2022 கடைசியில் 70 ஆக்கினார்கள், ஆனால் ஏற்கெனவே விடுபட்டவற்றைத் திரும்பப் பிடிக்கவில்லை. ஆகவே டொராண்டோ வாசகருக்கும் இரண்டும் இலவசம். அமெரிக்காவில் கணக்கே வேறு: இந்தக் காலத்துப் படைப்புகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95. சென்னையில் சட்டப்படி வாசித்துப் பதிவேற்றிய காணொளி நியூஜெர்சியில் இருக்கும் அத்தைக்குத் திறக்காமல் போகலாம். அது உங்கள் தவறல்ல.

இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக மங்கலான ஸ்கேனை அச்செடுத்துப் பியானோக்காரர் கையில் திணிக்காதீர்கள். ஹிண்டமித்தின் கொத்து ஸ்வரங்களில் ஒரு ஷார்ப் மங்கினால் நான் முழுப் பக்கத்தையும் சந்தேகிக்க வேண்டியிருக்கும். ஒரே ஒரு தாளைக் காசு கொடுத்து வாங்க முடிந்தால், அது பியானோ தாளாக இருக்கட்டும்.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. பியானோப் பங்கை முன்பே பதிவுசெய்து, அதை ஒலிக்கவிட்டு வாசிப்பது. வீட்டுப் பயிற்சிக்குத் தாராளமாகச் செய்யுங்கள். மேடையில், கோரலுக்கு முன்னால் நீங்கள் எடுக்கும் மூச்சுக்காக ஒலிபெருக்கி காத்திருக்காது.

## கேட்டவர்களுக்கு

பியானோக்காரராகத் தங்கை இருக்கிறார், ஞாயிறு ஆராதனையில் வாசிப்பவர், இதுவரை கிளாசிக்கல் சொனாட்டா வாசித்ததில்லை என்று எழுதியவருக்கு: மார்ட்டினூ. ஹிண்டமித்தின் கடைசிப் பகுதியைத் தங்கை உங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்வார், ஆனால் முதல் பகுதியில் அவர் கையை ஒடிக்காதீர்கள். ஆசை விடவில்லை என்றால் மூன்றாம் பகுதியை மட்டும் தனியாக ஒரு நினைவு ஆராதனையில் வாசிக்கலாம். அங்கே அது கச்சேரி மேடையைவிடப் பொருந்தும்.

இசைக்கல்லூரி நுழைவுக்குத் தயாராகும் மாணவருக்கு: ஹிண்டமித்தை இப்போதே தொடங்குங்கள். எங்கே சேர்ந்தாலும் அதை வாசிக்கச் சொல்லத்தான் போகிறார்கள். நுழைவுத் தேர்வில் காட்டுவதற்கு மார்ட்டினூ போதும். தேர்வறையில் கல்லூரி அமர்த்தும் பியானோக்காரர் உங்களோடு ஒத்திகை பார்க்கக் கால் மணி நேரம்கூடக் கிடைக்காது. முன்பின் பார்க்காத பியானோக்காரரோடு ஹிண்டமித்தில் இறங்கும் துணிச்சல் எனக்கே கிடையாது, நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும்.

நாடிழந்தவர்கள் என்ற கருவில் முழு நிகழ்ச்சி வைக்க விரும்பியவருக்கு: லிகெட்டியை விட்டுவிடுங்கள். ஹிண்டமித்தில் தொடங்குங்கள், உதடு புதிதாக இருக்கும்போது. இடைவேளை விட்டு, மார்ட்டினூ. இந்த வரிசையில் 1939-ன் சாவு நடை முதலில் வந்து, 1956-ன் நடனம் பிறகு வரும். நடுவில் அவைக்கு இரண்டு நிமிடம் பேசுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இருவரையும் ‘அகதிகள்’ என்று ஒரே சொல்லில் கட்டிவிடாதீர்கள். ஒருவர் நிலைமை மோசமாவது கண்டு கிளம்பி, பிறகு யேலில் பேராசிரியரானவர். போருக்குப் பின் ஜெர்மனிக்குக் கச்சேரிக்கு வந்துபோனார், ஆனால் குடியிருக்கத் தேர்ந்தது சுவிட்சர்லாந்தை. மற்றவருக்குத் திரும்பும் கதவே மூடிவிட்டது. புலம்பெயர்ந்தவர், நாடு திரும்ப முடியாதவர் என்று நம்மிடம் தனித்தனிச் சொற்கள் இருக்கும்போது கஞ்சத்தனம் எதற்கு?

கடைசியாக, பியானோக்காரரே கிடைக்கவில்லை என்று எழுதியவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு வழி இல்லாமல் இல்லை. பெர்லினில் பிறந்து, 1933-ல் நாஜிகளிடமிருந்து தப்பி, பாலஸ்தீனம் வழியாக 1938-ல் நியூயார்க் சேர்ந்த ஸ்டெஃபான் வோல்ப், பார்க்கின்சன் நோயோடு போராடிக்கொண்டிருந்த 1966-ல் துணையே இல்லாத டிரம்பெட்டுக்கு ஒரு சிறு தனிப் படைப்பு எழுதினார். ஒத்திகைச் செலவு இல்லை, பியானோவின் சுருதி பற்றிக் கவலை இல்லை. அறை எவ்வளவு சூடானாலும் உங்களோடு ஒத்துப்போக மறுக்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். எனக்குத்தான் வேலை போய்விடும்.